சாவு வீட்டுக்குப் போய்வந்த டம்ளர்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். என்ன பேசுவது என்று கேட்டேன். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம், ஸ்லைடு எல்லாம் வேண்டாம்" என்றார்கள். நல்லதாகப் போயிற்று, ஸ்லைடு போட எனக்கு வராது. பூமி ஏன் சூடாகிறது, பெங்களூரில் மழை ஏன் இப்படி ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறது என்றெல்லாம் சொல்லித்தர இங்கே நிறையப் படித்தவர்கள் இருக்கிறார்கள். சந்துகளில் வாழும் மனிதர்களோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்துமுடிப்பது எப்படி என்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. அதில் நான் கெட்டிக்காரி. தன்னடக்கமாகப் பேசும் வயதைத் தாண்டிவிட்டேன் என்பதால் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை நாட்களில் எனக்கு மிகவும் பெருமை தந்த விஷயம் எது என்று கேட்டால், நாங்கள் தூர்வாரி மீட்ட ஏரியைச் சொல்வேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்குத்தான் மேடை ஏற்றிச் சால்வை போட்டார்கள். ஆனால் நான் சொல்லப்போவது ஸ்ரீராம்புரத்தில் ஒரு சின்ன அறையில் அடுக்கிவைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்களையும் தட்டுகளையும் பற்றி.

அங்கே நாங்கள் வேலை செய்தது ஓர் அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில். கோயிலுக்கு மேற்புறம் ஒரு தெரு, சரிவில் இறங்கினால் ஒரு சந்து. மேல் தெருவில் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், டெய்லர்கள், ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள். கீழ்ச்சந்தில் பெரும்பாலும் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள். இரண்டு பக்கமும் தமிழர்கள்தான். அம்மனும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு இரண்டு பக்கமும் வீடு வீடாகக் கேழ்வரகு மாவு வாங்கித்தான் காய்ச்சுவார்கள்.

அந்தக் கூழைக் குடிக்க வீட்டுக்காரர்கள் தூக்கோ சொம்போ கொண்டுவருவார்கள். ஆனால் அங்கே வருவது வீட்டுக்காரர்கள் மட்டுமா? ஆட்டோக்காரர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், மெட்ரோவில் வந்து இறங்குகிறவர்கள் என்று பாதிக் கூட்டம் வெறுங்கையோடு வரும். அவர்களுக்காகப் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளை மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். மதியச் சோற்றுக்கு அதே மாதிரித் தட்டு. எல்லாம் மாலைக்குள் சரிவில் உருண்டு, சந்துக்குப் பின்னால் ஓடும் மழைநீர்க் கால்வாயில் போய் விழும்.

ஒரு வருடம் கூழ் ஊற்றிய மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் அடைத்துக்கொண்டு சாக்கடைத் தண்ணீர் சந்து வீடுகளுக்குள் ஏறிவிட்டது. அடைப்பை எடுத்தபோது கொத்துக் கொத்தாக வந்தவை அந்தக் கப்புகள்தான். கஸ்தூரி என்று ஒரு பெண். அவளும் துப்புரவு வேலைக்காரிதான். காலையில் ஊர்த் தெருக்களைப் பெருக்கிவிட்டு வந்து, தன் வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். அந்தக் கப்புகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு மேலே ஏறிப் போய், கோயில் கமிட்டித் தலைவர் மணி அண்ணன் முன்னால் கொட்டினாள்.

"இன்னா பண்ணலாம் சொல்லுண்ணே. ஆத்தாவோட கூழு எங்க வூட்டுக்குள்ள வந்துகீது" என்றாள்.

மணி அண்ணன் மேல் தெருக்காரர், பந்தல் காண்டிராக்டர், அதிகம் பேசாத மனிதர். கூடையைப் பார்த்தார். "அடுத்த வருசத்துலேர்ந்து கப்பு கெடையாது" என்றார். அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது.

நான் அங்கே பல மாதங்களாக எத்தனையோ கூட்டம் போட்டிருந்தேன், துண்டறிக்கை கொடுத்திருந்தேன். அவற்றால் ஆகாத வேலை ஒரு கூடையால் ஆயிற்று. அன்றைக்கே போய் மணி அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். கோயிலை ஒட்டிய ஓர் அறையைக் கமிட்டி ஒதுக்கித் தந்தது. எங்கள் திட்டத்திலிருந்து கொஞ்சம், ஜனங்கள் போட்டது கொஞ்சம் என்று டம்ளர்களும் தட்டுகளும் வாங்கி அடுக்கினோம். திருவிழா, கல்யாணம், பெயர் சூட்டு, கருமாதி என்று எதற்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். கழுவித் திருப்பித் தரவேண்டும். சாவி கஸ்தூரியிடம் இருந்தது. அடுத்த ஆடியில் ஒரு கப்புகூட இல்லாமல் கூழ் ஊற்றினோம். அன்று கால்வாயை எட்டிப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கிரீடம் மட்டும்தான் இல்லை.

சிக்கல் அதற்கு அடுத்த ஆடியில் வந்தது. திருவிழாவுக்குச் சில நாட்கள் முன்னால் கஸ்தூரியின் அப்பாவுக்குக் கருமாதி. மணி அண்ணனிடம் காலமெல்லாம் பந்தல் கட்டியவர் அவர். கருமாதிச் சாப்பாட்டுக்கு எங்கள் அறையிலிருந்துதான் தட்டும் டம்ளரும் போயின. நானும் போயிருந்தேன். என் எதிர்ப்பந்தியில் மணி அண்ணன் உட்கார்ந்திருந்தார். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறியது கஸ்தூரி.

மறுநாள் கமிட்டிச் செயலாளர் சேகர் வாட்ஸப்பில் குரல் செய்தி போட்டார். மேல் தெருவில் மொபைல் கடை வைத்திருப்பவர், எதையும் முதலில் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் யோசிப்பார். "சாவு வூட்டுக்குப் போன பாத்திரத்துல ஆத்தாவுக்குக் கூழ் ஊத்த முடியாது. தீட்டு. இந்த வாட்டி கப்பு வாங்கிக்கலாம், இல்லன்னா புதுப் பாத்திரம் தரச் சொல்லுங்க." கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. கீழ்ச்சந்தும் அதே குரூப்பில்தான் இருந்தது.

இங்கேதான், சுற்றுச்சூழல் வேலை செய்யும் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. கவனமாகக் கேளுங்கள்.

எங்கள் மேனேஜர் அப்போது வேலைக்குப் புதிது. கன்னடக்காரப் பிள்ளை, தங்கமான மனசு, பிரச்சினை என்றால் தூக்கம் வராது. திருவிழா அன்று திட்டத்துக்குப் பணம் தருகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் கேமராவோடு வருவதாக இருந்தது. பேப்பர் கப்பைப் படம் பிடித்தால் என்ன ஆவது என்று அவருக்கு நடுக்கம். அன்று மதியமே என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"அக்கா, முடிந்தது. கம்பெனியிடம் பேசிவிட்டேன். இன்னொரு செட் வாங்கித் தருகிறார்கள். நல்ல காரியத்துக்கு ஒரு செட், பச்சை ஸ்டிக்கர். சாவுக்கு ஒரு செட், சிவப்பு ஸ்டிக்கர். யாருக்கும் சண்டை இல்லை" என்று கன்னடத்தில் சொன்னார்.

பொருளைக் குறைக்கத்தான் நாம் இந்த வேலைக்கு வந்திருக்கிறோம். ஒரு மனத்தாங்கல் வந்ததும் நமக்குத் தோன்றுகிற மருந்து இன்னொரு செட் பொருள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அன்று சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

"தம்பி, ஆறு மாசம் முன்னாடி மேல் தெருவில் ஒரு பெரியவர் செத்தார். நம்ம தட்டுதான் போச்சு. அதே வாரம் அதே தட்டில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். யாராவது ஸ்டிக்கர் கேட்டார்களா?" என்றேன்.

அவர் கையிலிருந்த போனை மேஜையில் வைத்தார்.

"அப்போது சாவு தீட்டாக இல்லை. சந்துக்குப் போய் வந்ததும் தீட்டாகிவிட்டது. நீ வாங்கித் தரப்போகிற சிவப்பு ஸ்டிக்கர் செட் கொஞ்ச நாளில் சந்து செட் ஆகிவிடும். அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கிறது."

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வடார்க்காட்டை விட்டு என் தாத்தா சுரங்கத்துக்கு வந்ததே, தனிக் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வாங்கிக் குடித்தது போதும் என்றுதான். சுரங்கத்தின் இருட்டு அவருக்கு அதைவிட மேலாக இருந்தது. அவருடைய பேத்தி, பூமியைக் காப்பாற்றுகிறேன் என்ற பெயரில், அரசாங்கம் சட்டம் போட்டு ஒழிக்கச் சொன்ன இரட்டைக் குவளையைப் புது ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பக் கொண்டுவருவதா? இதை அவரிடம் உடைத்துச் சொன்னேன். பாவம், அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் பயம் போகவில்லை. "அப்படியென்றால் கப்பு வந்துவிடுமே அக்கா? ரிஸ்க் பேடா" என்று கெஞ்சினார். ஆபத்து வேண்டாம் என்று அவர் சொன்னது நியாயம்தான். கப்பு வந்தால், மழை வந்தால், தண்ணீர் முதலில் நுழைவது கஸ்தூரியின் வீட்டுக்குள். செட்டை வாங்கினால் ஒரு தப்பு, வாங்காவிட்டால் ஒரு நஷ்டம். எனக்கு அன்று பதில் தெரியாது. பதில் தெரியாதபோது எதையும் ஆர்டர் செய்யக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அன்று மாலை கோயில் கொட்டகையில் கூட்டம். மேல் தெருவும் சந்தும் முழுக்க வந்திருந்தன. மணி அண்ணன் நடுவில் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேகர் எழுந்து தீட்டைப் பற்றி நீளமாகப் பேசினார். யாரையும் குறை சொல்லவில்லை, சாஸ்திரம் அப்படி, நாளைக்கு ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் கமிட்டியைத்தான் கேட்பார்கள் என்றார்.

கஸ்தூரி எழுந்தாள். அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா செத்தது தீட்டுன்னா தீட்டுதாண்ணே. நான் அதுக்குச் சண்ட போட வர்ல. கப்பே வாங்குங்க. ஆனா கப்பு வாங்கினு வர்ற கையோட, மழ வந்தா எம் புள்ளைங்கள எங்க படுக்க வெக்கிறதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

மேனேஜர் என் காதருகே வந்து, "இப்பவே புது செட்டைச் சொல்லிவிடலாமா அக்கா?" என்றார். அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மணி அண்ணன் அந்தத் தட்டில் சாப்பிட்டது எனக்குத் தெரியும். "தலைவரே அந்தத் தட்டில் சாப்பிட்டாரே, அவருக்குத் தீட்டு இல்லையா?" என்று நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், சேகரின் வாய் அடைபட்டிருக்கும். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது என்பது என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மேல் தெரு முழுக்க மணி அண்ணனைத் திரும்பிப் பார்க்கும். அவர் கூனிக்குறுகிப் போவார். அன்றைக்கு நான் ஜெயிப்பேன். சந்துக்கு வந்து வித்தியாசம் பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிடும் மேல் தெருக்காரர் ஒருவர்தான் இருந்தார், அவரும் இனிமேல் வரமாட்டார்.

கஸ்தூரியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியும், ரசம் ஊற்றியவளே அவள்தானே. அவள் மணி அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாதபோது நான் பேச யார் என்று வாயை இறுக்கிக்கொண்டேன். என் வேலை நாட்களில் நான் செய்ததிலேயே கடினமான வேலை அந்தச் சில நிமிடங்கள் சும்மா இருந்ததுதான்.

சேகர், "அப்போ கப்புக்குச் சொல்லிடலாம் இல்லண்ணே?" என்றார்.

மணி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை.

"சேகரு, நான் அந்தக் கருமாதிக்குப் போயிருந்தேன். அந்தத் தட்டுலதான் சாப்ட்டேன். ரெண்டு வாட்டி ரசம் வாங்கினேன். தட்டு தீட்டுன்னா நானும் தீட்டுதான். என் கையால ஆத்தாவுக்குக் காப்பு கட்ட வாணாம். வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார்.

"அதுக்கில்லண்ணே, ஜனங்க ஒத்துக்கணும்ல?"

"ஜனம்னா யாருடா? நீயும் நானும்தான்."

அடுத்துப் பேசியது அவர் மனைவி. பெண்கள் பக்கத்திலிருந்து, "கழுவுனா போற விசயத்துக்கு இம்மாம் பேச்சா? கஸ்தூரி, பாத்திரத்த கோயிலுக்கு எடுத்தாரச் சொல்லு. நாங்க வந்து ஒரு தண்ணி அலசிக்கிறோம்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது, எனக்கும்தான். கஸ்தூரி மட்டும் அசையவில்லை.

"கோயில்ல வாணாம் அண்ணி. எங்க சந்துக்கு வாங்க. எங்கப்பா வாசல்ல, எங்க கொழாய்ல வந்து எங்கக்கூட ஒக்காந்து கழுவுங்க. அப்பறம் சேந்தே எடுத்துனு போலாம்" என்றாள்.

மணி அண்ணன் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாளைக்குக் காத்தால வர்றேன், தண்ணி வர்ற நேரத்துக்கு. டீ வெச்சுக் குடு" என்றார். கஸ்தூரி குனிந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் சீக்கிரமே போய்விட்டேன். சரிவில் மேல் தெருப் பெண்கள் இறங்கி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை, பொய் சொல்லமாட்டேன். வந்தவர்கள் தேங்காய் நாரும் சோப்புத் தூளும் கொண்டுவந்தார்கள். குழாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் டம்ளர் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு யாரோ மாமியாரைப் பற்றி ஆரம்பித்தார்கள், அதன் பிறகு பேச்சு நிற்கவே இல்லை. எங்கள் மேனேஜரும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கழுவத் தெரியவில்லை, விட்டுவிட்டோம். நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன ஆச்சு என்று கேட்ட மேனேஜரிடம், சோப்புத் தூள் பட்டுவிட்டது என்றேன்.

கூழ் அந்த டம்ளர்களில்தான் ஊற்றப்பட்டது. காப்பு மணி அண்ணனே கட்டினார். கம்பெனி ஆட்கள் வந்தார்கள், கூழைப் படம் பிடித்தார்கள், யாருக்கும் எதுவும் புரியாமல் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்கள்.

ஒரு நாள் கஸ்தூரியைக் கேட்டேன். "ஏண்டி, மணி அண்ணன் உன் வீட்டில் சாப்பிட்டதை நீ ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்குமே?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்கப்பாவுக்கோசரம் சாப்புட வந்தவரு அக்கா. அந்தச் சோத்த வெச்சே அவர அடிக்கிறதா?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் உங்களுக்குத் தந்துவிட்டுப் போகிறேன். நாளைக்கு நீங்கள் போகும் இடங்களில் யார் எங்கே குப்பை கொட்டினார்கள், யார் ஏரிக்கரையை வளைத்தார்கள், யார் எதை ஒளித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியவரும். மேலே இருந்து அதிகாரம் செய்கிறவரைச் சபையில் நிறுத்திக் கேளுங்கள், தயங்கவே தயங்காதீர்கள். நம்மோடு ஒரு வேளைச் சோறு சாப்பிட வந்து உட்கார்ந்தவரை மட்டும் அவராகவே எழுந்து பேச விடுங்கள். அது தோற்றுப்போகவும் கூடும். மணி அண்ணன் பேசாமல் போயிருந்தால் அன்று கப்புதான் வந்திருக்கும், நானும் இந்தக் கதையை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்கள் மேனேஜர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். எங்கே பேசினாலும் இந்தக் கதையைச் சொல்கிறார், அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயரும் வைத்திருக்கிறார். சிவப்பு ஸ்டிக்கரை மட்டும் சொல்வதில்லை. சரி போகட்டும், நான்தான் சொல்லிவிட்டேனே.

அன்று சந்தில் சேர்ந்து உட்கார்ந்து கழுவியதே அந்த அறைக்குச் சட்டமாகிவிட்டது. அடுத்து பாத்திரம் வேண்டுகிறவர்கள், கடைசியாக வாங்கியவர்களின் வாசலுக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து கழுவித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீடு சாவு வீட்டுக்குப் போகும், மேல் தெரு சந்துக்கு இறங்கும், சந்து மேல் தெருவுக்கு ஏறும். முகம் சுளித்து வராமல் போனவர்கள் உண்டு. ஆனால் பாத்திரங்கள் அறையில் சும்மா கிடந்த வாரம் குறைவு.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒருநாள் அறையில் கஸ்தூரியோடு உட்கார்ந்திருந்தேன். சேகர் வந்தார். மகளுக்கு வளைகாப்பு. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு கஸ்தூரியிடம், ஞாயிற்றுக்கிழமைக்குத் தட்டும் டம்ளரும் வேண்டும் என்றார்.

"குடுக்கலாம்ணே. கடைசியா எங்க சந்துல ஒரு சாவுக்குப் போச்சு. பாத்திரம் அங்கதான் கீது. கழுவ யாரு வர்றீங்க?" என்றாள் கஸ்தூரி.

சேகர் மோவாயைச் சொறிந்தார். "வூட்ல பொம்பளைங்கள அனுப்புறேன்."

"அண்ணிக்கு வளகாப்பு வேல தலைக்கு மேல இருக்கும். நீங்க வாங்க."

அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அதில் பழக்கம் ஆகிவிட்டிருந்தது. சேகர், "சனிக்கிழம கடைய தம்பி பாத்துப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வந்தார். இறந்துபோனவரின் மகன் ஒரு பலகையை நகர்த்திப் போட்டான். சேகர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கப்பாவுக்கு இன்னாடா ஆச்சு, எப்டி போனாரு?" என்று கேட்டுக்கொண்டே முதல் தட்டைக் கையில் எடுத்தார்.